குதித்து சல்யூட் அடித்தவர்

தூத்துக்குடி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மருமகள் தேன்மொழிக்கு,

மாமா எழுதுகிறேன். ஏழிமலை நேவி அகாடமியில் சேர உனக்கு ஆர்டர் வந்துவிட்டதாக உங்கம்மா போன் பண்ணினாள். பேச்சில் பாதி சந்தோஷம், பாதி என்மேல் கோபம். “நீதானே சின்ன வயசிலேயே அவளுக்குக் கப்பலைக் காட்டிக் கெடுத்தே” என்றாள். கெடுத்தது உண்மைதான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

நீ வாட்ஸாப்பில் அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். நிலாவில் ஒருவர் கொடிக்குப் பக்கத்தில் துள்ளிக் குதித்து, அந்தரத்தில் நின்றபடி சல்யூட் அடிக்கிறாரே, அது. “இவர் நேவி பைலட்டாமே மாமா, யார் இவர்? நேவியில் சேர்ந்தால் விண்வெளிக்குப் போகலாமா?” என்று கேட்டிருந்தாய். பெருவிரலால் தட்டி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால்தான் பேப்பரை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் ககன்யானுக்கு முதலில் தேர்ந்தெடுத்த நால்வரும் விமானப்படை டெஸ்ட் பைலட்டுகள். அதில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். நேவிக்காரர் யாரும் இல்லை. அமெரிக்காவில் கதை வேறு. நிலாவில் இறங்கிய ஆறு பயணங்களுக்கும் ஆறு கமாண்டர்கள். ஆம்ஸ்ட்ராங், கான்ராட், ஷெப்பர்ட், ஸ்காட், யங், செர்னன். இதில் ஸ்காட் ஒருவர்தான் விமானப்படை. மற்ற ஐந்து பேரும் நேவியில் விமானம் ஓட்டியவர்கள். ஆம்ஸ்ட்ராங் நிலாவுக்குப் போகும்போது சிவிலியன், ஆனால் கொரியப் போரில் நேவி பைலட். உனக்கு விமானப்படைச் சிநேகிதி யாராவது இருந்தால் இதை அவளிடம் சொல்லிக்காட்டலாம், தப்பில்லை.

நீ அனுப்பிய வீடியோவில் குதிப்பவர் ஜான் யங். 1972 ஏப்ரல், அப்போலோ 16. படம் பிடித்தவர் கூட இறங்கிய சார்லி டியூக். பூமியில் சுமார் 90 கிலோ எடையுள்ள சூட்டை மாட்டிக்கொண்டு அப்படிக் குதிக்க முடிகிறதென்றால், நிலாவின் ஈர்ப்பு இங்கே உள்ளதில் ஆறில் ஒரு பங்கு என்பதால்தான். எல்லாருக்கும் அந்தக் குதிப்புதான் தெரியும். எனக்கு அந்த மனுஷனைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. முழுசாகப் படி.

1930இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தார். பொருளாதார வீழ்ச்சிக் காலம். சிவில் இன்ஜினியரான அப்பாவுக்கு வேலை போனது. குடும்பம் ஜார்ஜியாவுக்குப் போய், பிறகு ஃபுளோரிடாவில் ஒர்லாண்டோவில் நிலைத்தது. இவருக்கு ஐந்து வயதாக இருக்கும்போது அம்மாவுக்கு மனநோய் முற்றி மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஜார்ஜியா டெக்கில் ஏரோநாட்டிக்கல் இன்ஜினியரிங் படித்து 1952இல் உயர்ந்த மதிப்பெண்ணோடு வெளியே வந்தார். நேவியில் சேர்ந்ததே விமானம் ஓட்டத்தான். ஆனால் நேவி அவரை எங்கே போட்டது தெரியுமா? லாஸ் என்ற டெஸ்ட்ராயர் கப்பலில், கொரியக் கடலில், பீரங்கிக் குறி பார்க்கும் பிரிவுக்கு அதிகாரியாக. விமானப் பயிற்சியெல்லாம் அதற்குப் பிறகுதான். 1954 கடைசியில்தான் பைலட்டுக்கான சிறகு கிடைத்தது. முதல் போஸ்டிங்கில் நீ கேட்டது கிடைக்காவிட்டால் எனக்குப் போன் பண்ணி அழாதே என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம் கூகர் விமானம், பிறகு குரூசேடர். மத்தியதரைக் கடலில் கோரல் ஸீ விமானந்தாங்கிக் கப்பல், அடுத்து ஃபாரஸ்டல். நான் விமான டெக்னீஷியனாக வேலை பார்த்த விராட் கப்பலில் ஸீ ஹாரியர் செங்குத்தாக இறங்கிவிடும், அதற்குக் கொக்கி கிடையாது. இவர்கள் காலத்து டெக்கில் விமானத்தின் வாலில் உள்ள கொக்கி, குறுக்கே கட்டிய கம்பி வடத்தில் மாட்ட வேண்டும். இன்று நம் விக்ரமாதித்யாவிலும் புது விக்ராந்திலும் மிக்-29கே இறங்குவதும் அப்படித்தான். கம்பி மாட்டாவிட்டால் திரும்ப ஏறிவிட வேண்டும். அதனால் டெக்கைத் தொட்டவுடனே பைலட் எஞ்சினைக் குறைக்க மாட்டார், முழு வேகத்துக்குத் தள்ளுவார். இறங்கும்போதே ஏறுவதற்கும் தயாராக இருக்க வேண்டும். ராத்திரியில் அலை ஆட்டும் கப்பலில் இதைச் செய்து பழகினவர்களை நாசா ஏன் தேடிப் பிடித்தது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1959இல் பட்டுக்ஸன்ட் ரிவர் டெஸ்ட் பைலட் பள்ளி. 1962இல் ஃபேன்டம் விமானத்தில் இரண்டு உலக சாதனை: 3,000 மீட்டர் உயரத்துக்கு 34.5 விநாடி, 25,000 மீட்டருக்கு நான்கு நிமிடத்துக்கும் குறைவு. அதே ஆண்டு செப்டம்பரில் நாசா இரண்டாவது குழுவாக ஒன்பது பேரை எடுத்தது, அதில் ஒருவர் இவர்.

முதல் பயணம் 1965 மார்ச் 23, ஜெமினி 3. கமாண்டர் கஸ் கிரிஸம். மூன்று சுற்று, ஐந்து மணி நேரம்கூட இல்லை. மனிதர்கள் உள்ளே இருந்தபடி சுற்றுப்பாதையை மாற்றியது அதில்தான் முதல் தடவை. ஆனால் பேப்பர்காரர்கள் பிடித்துக்கொண்டது ஒரு சாண்ட்விச்சை. வால்லி ஷீரா என்ற இன்னொரு விண்வெளி வீரர் (அவரும் நேவி, குறும்புக்காரர்) கோகோ பீச் கடையில் வாங்கிக் கொடுத்த கார்ன்டு பீஃப் சாண்ட்விச்சை யங் சூட்டுக்குள் ஒளித்துக் கொண்டுபோய் மேலே கிரிஸமிடம் நீட்டினார். ஒரு கடி கடித்ததும் ரொட்டித்தூள் மிதக்க ஆரம்பித்துவிட்டது. உடனே மடித்து வைத்துவிட்டார்கள். கீழே அமெரிக்கக் காங்கிரஸில் விசாரணை. மக்கள் வரிப்பணம் இதற்கா என்று கேள்வி. எடை போடாத, அனுமதியில்லாத பொருள், தூள் போய் ஸ்விட்சுக்குள் மாட்டினால் என்ன ஆகும் என்று கேட்டவர்கள் பக்கம்தான் நான். ஹேங்கரில் தொலைந்த ஒரு ஸ்க்ரூவைத் தேடி விடிய விடிய விழித்தவன் வேறு எப்படிச் சொல்வேன்? பின்னாளில் பாதுகாப்பு விஷயத்தில் எல்லாரையும் துளைத்தெடுத்த மனுஷன் தொடங்கியது இப்படித்தான்.

ஜெமினி 10ஐ மைக்கேல் காலின்ஸோடு முடித்தார். 1969 மே, அப்போலோ 10. கூடப் போன ஸ்டாஃபோர்டும் செர்னனும் நிலாவின் தரைக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வரை இறங்கிப் பார்த்துவிட்டு ஏறினார்கள். யங் மேலே தாய்க்கலத்தில் ஒற்றையாக இருந்தார். நிலாவைத் தன்னந்தனியாகச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான். அவ்வளவு தூரம் போயும் இறங்காமல் திரும்பினார். அடுத்து அப்போலோ 13க்கு மாற்றுக் கமாண்டர். அந்தக் கலத்தில் ஆக்ஸிஜன் டாங்க் வெடித்தபோது கீழே இருந்து மீட்பு வேலையில் நின்றவர்களில் இவரும் ஒருவர்.

அப்போலோ 16 கிளம்பும்போது தன் நாடித்துடிப்பு 144, ஜானுக்கு 70 என்று டியூக் பின்னாளில் பல மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு இவருக்குப் பயமே கிடையாது என்று நினைத்துவிடாதே. 1981இல் முதல் ஸ்பேஸ் ஷட்டில் கிளம்பும் சமயம் பயமாக இல்லையா என்று கேட்டபோது, இத்தனை பெரிய ஹைட்ரஜன் ஆக்ஸிஜன் டாங்க்கின் மேல் உட்கார்ந்து, கீழே நெருப்பு வைக்கப்போகிறார்கள் என்று தெரிந்தும் கொஞ்சம்கூடக் கவலைப்படாதவனுக்கு நிலைமை முழுசாகப் புரியவில்லை என்று பொருள்படச் சொன்னார்.

நிலாவில் அவர்கள் இறங்குவதே ஆறு மணி நேரம் தள்ளிப்போனது. தாய்க்கலத்தின் எஞ்சினைத் திருப்பும் மாற்று ஏற்பாட்டில் அதிர்வு. மேலே இருந்த கென் மாட்டிங்லி அதைச் சொன்னதும், இறங்காமலே திரும்ப வேண்டி வருமோ என்ற நிலை. ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையம் கணக்குப் போட்டுப் பார்த்து அனுமதித்தது. இறங்கிய இடம் டெக்கார்ட் மேட்டுநிலம். அது எரிமலைப் பாறை என்று நிலவியல்காரர்கள் எதிர்பார்த்தார்கள். இவர்கள் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, எரிமலைப் பாறை எங்கேயும் காணோம் என்று சொன்னார்கள். கிடைத்ததெல்லாம் விண்கல் மோதி நொறுங்கி ஒட்டிய பாறைகள். ஹூஸ்டனில் புத்தகத்தைத் திருத்த வேண்டி வந்தது. மூன்று நாள், மூன்று முறை வெளியே, சுமார் 20 மணி நேரம், 95 கிலோவுக்கு மேல் கல்லும் மண்ணும். ரோவர் வண்டியில் 26 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள்.

முதல் நாளே ஒரு கெடுதலும் நடந்தது. நிலாவுக்குள்ளிருந்து எவ்வளவு வெப்பம் வருகிறது என்று அளக்கும் கருவியின் கேபிளில் யங்கின் கால் மாட்டி, வேரோடு பிடுங்கிக்கொண்டது. அந்த சூட்டில் தன் காலையே குனிந்து பார்க்க முடியாது. பல வருஷம் அந்தக் கருவிக்காக உழைத்த விஞ்ஞானி கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அது திரும்ப வேலை செய்யவேயில்லை. யங் அதை மூடி மறைக்கவில்லை, அங்கேயே மன்னிப்புக் கேட்டார்.

இதே நடையின்போது ஹூஸ்டனிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஸ்பேஸ் ஷட்டிலுக்கு அடுத்த வருஷப் பணத்தைக் காங்கிரஸ் கீழவை ஒதுக்கிவிட்டது என்று. நிலாவில் நின்றுகொண்டே, நாட்டுக்கு அந்த ஷட்டில் ரொம்ப அவசியம் என்று பதில் சொன்னார். ஒன்பது வருஷம் கழித்து அதை முதலில் ஓட்டப்போவது தானே என்று அப்போது அவருக்குத் தெரியாது.

இனி நான் சொல்ல வந்த இடம். 1974இல் விண்வெளி வீரர்கள் அலுவலகத்துக்குத் தலைவரானார். அதற்கு முந்தைய எல்லா அமெரிக்கக் கலத்தையும் ஆள் இல்லாமல் ஒரு தடவையாவது பறக்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஆளை ஏற்றினார்கள். ஷட்டிலுக்கு அது இல்லை. முதல் பயணத்திலேயே இரண்டு பேர், யங்கும் கிரிப்பனும், இருவருமே நேவி. அந்தப் பயணத்துக்கு முந்தைய மாதம், 1981 மார்ச் 19 அன்று, ஏவுதளத்தில் ஒத்திகை முடிந்ததும், கொலம்பியா என்ற அந்த ஷட்டிலின் வால் பகுதிக்குள் சில டெக்னீஷியன்கள் நுழைந்தார்கள். உள்ளே நைட்ரஜன் நிரம்பியிருந்தது அவர்களுக்குத் தெரியாது. மூச்சுத் திணறி விழுந்தவர்களில் இரண்டு பேர் பிழைக்கவில்லை. மேலே போனதும் யங்கும் கிரிப்பனும் அவர்களை நினைத்து அஞ்சலி சொன்னார்கள். இந்தக் கதை எந்த ஸ்கூல் புத்தகத்திலும் இருக்காது. ஹேங்கர் ஆளுக்கு மறக்காது.

1981 ஏப்ரல் 12 காலை கிளம்பியது. விண்வெளிக்கு முதல் மனிதராகக் காகரின் போய் அன்றோடு சரியாக 20 வருஷம். மேலே போய்க் கதவைத் திறந்து பார்த்தால் வாலுக்குப் பக்கத்தில் வெப்பம் தாங்கும் ஓடுகள் சிலது காணோம். பார்க்க முடியாத இன்னொரு சேதமும் இருந்தது. கிளம்பும்போது எழுந்த அழுத்த அலை பின்பக்கத்து மடக்கு இறகை அதன் எல்லைக்கு மேல் தள்ளிவிட்டிருந்தது. இது முன்பே தெரிந்திருந்தால் பாதுகாப்பான உயரம் வரை ஓட்டிப்போய் இருக்கையோடு வெளியே பாய்ந்திருப்போம் என்று யங் பிறகு சொன்னார். முதல் பயணத்திலேயே கொலம்பியா போயிருக்கும். 54 மணி நேரம் கழித்து, எஞ்சின் உதவியே இல்லாமல், கிளைடர் மாதிரி எட்வர்ட்ஸ் பாலைவனத்து ஏரித்தரையில் வந்து இறக்கினார்.

அந்த வீடியோவைத் தேடிப் பார். குதிக்கிற வீடியோவைவிட எனக்கு அதுதான் பிடிக்கும். 50 வயது ஆள் படியில் தடதடவென்று இறங்கி வருகிறார். வரவேற்க வந்தவர்களிடம் நிற்கவில்லை. நேராகக் கொலம்பியாவின் வயிற்றுக்கு அடியில் போய் அண்ணாந்து ஓடுகளைப் பார்க்கிறார், சக்கரத்தைப் பார்க்கிறார், முஷ்டியை மடக்கிக் காற்றில் குத்துகிறார். என் சர்வீஸில் இரண்டு மாதிரி பைலட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவர் பராமரிப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போதே ஹெல்மெட்டை மாட்டுவார். இன்னொருவர் போன தடவை எழுதிய குறை என்ன ஆயிற்று என்று எங்களைக் கூப்பிட்டுக் கேட்பார், பறந்துவிட்டு வந்ததும் டார்ச்சை வாங்கி விமானத்துக்கு அடியில் குனிவார். இரண்டாவது ஆளுக்கு நாங்கள் டீ வாங்கிக் கொடுப்போம். யங் அந்த ரகம்.

1983இல் கொலம்பியாவில் மறுபடி போனார், ஸ்பேஸ்லேப் ஆய்வுக்கூடத்தோடு, ஆறு பேர். அவருக்கு அது ஆறாவது பயணம். ஆறு தடவை போன முதல் மனிதர். திரும்பும் நாளில் திசை மாற்றும் சிறு ராக்கெட்டுகள் அதிர்ந்ததும் ஒரு கம்ப்யூட்டர் நின்றது. சற்று நேரத்தில் இன்னொன்றும். அவசரப்படாமல் இறங்குவதை ஏறக்குறைய எட்டு மணி நேரம் தள்ளிப்போட்டார்கள். அந்த நேரத்தில் மாற்று மென்பொருளுக்குத் தாவியிருந்தால் கலமும் போயிருக்கும், ஆட்களும் போயிருப்பார்கள் என்று பிறகு அவரே சொன்னார். கடைசியில் கண்டுபிடித்த காரணம் கம்ப்யூட்டருக்குள் உதிர்ந்து கிடந்த ஒரு பொட்டு சால்டர். இது போதாதென்று, இறங்கும் தறுவாயில் வால்பக்கம் ஹைட்ரஸீன் கசிந்து தீ. உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. தரையிறங்கிய பிறகுதான் கண்டுபிடித்தார்கள்.

அலுவலகத்தில் அவர் பேர் போனது மெமோ எழுதுவதற்கு. எது சரியில்லையோ, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், எழுதி அனுப்பிவிடுவார். மேலதிகாரிகள் மேசையில் அது குவியும். 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் ஷட்டில் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஏழு பேரில் யங்கின் அலுவலகத்து ஆட்கள் உண்டு. அதற்குப் பிறகு எழுதிய மெமோக்களில் ஷட்டிலில் இன்னும் என்னென்ன ஆபத்து இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதினார். அட்டவணையைக் காப்பாற்றுகிற அவசரம்தான் இப்படி ஓட்டவைத்தது என்று பச்சையாகச் சொன்னார். மார்ச்சில் அவை பத்திரிகைகளுக்குப் போய்விட்டன. 1987இல் அவரைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்து, ஹூஸ்டன் மைய இயக்குநருக்குப் பாதுகாப்பு விஷயத்தில் சிறப்பு உதவியாளர் என்று வேறு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். பேசியதற்குத்தான் தண்டனை என்று யங் நம்பினார். ஹப்பிள் தொலைநோக்கியைக் கொண்டுபோகும் பயணத்துக்குக் கமாண்டராக அவர் பெயர் இருந்தது. அதுவும் போயிற்று. அப்புறம் அவர் விண்வெளிக்குப் போகவேயில்லை.

என் வாழ்க்கையில் இதே மாதிரி ஒருவரைத் தெரியும், பெயர் வேண்டாம். குறை எழுதினார், மாற்றல் வந்தது. கோபத்தில் விலகிப்போனார். யாரும் தப்பு சொல்ல முடியாது. யங் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கொடுத்த நாற்காலியில் உட்கார்ந்து இன்னும் 17 வருஷம் அதே வேலையைச் செய்தார். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு வருவார், கேள்வி கேட்பார், மெமோ அனுப்புவார், டி-38 ஜெட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். 2003 பிப்ரவரி 1இல் கொலம்பியா உடைந்து இன்னும் ஏழு பேர் போனார்கள். டாங்க்கிலிருந்து பிய்ந்த நுரைத் துண்டு இறக்கையைத் துளைத்திருந்தது. அவர் இரண்டு தடவை ஓட்டி, இரண்டு தடவையும் முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்த அதே கலம். 2004 டிசம்பர் 31 வரை நாசாவில் இருந்தார், 42 வருஷம். ஓய்வு பெறும்போது வயது 74. 2018 ஜனவரி 5இல் ஹூஸ்டனில் காலமானார். ஜெமினி, அப்போலோ தாய்க்கலம், நிலவுக்கலம், ஷட்டில் என்று நான்கையும் ஓட்டியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

உங்கம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது இதையும் விடாதே: அவரது முதல் திருமணம் 1971இல் முறிந்தது. வருஷக்கணக்கில் வீட்டில் இல்லாத மனுஷனுக்கு இரண்டு பிள்ளைகள். நானும் கப்பலில் இருந்தவன். அத்தை என்னோடு இன்னும் இருப்பது அவள் குணம்.

சரி, உனக்கு என் பேச்சு இவ்வளவுதான். விண்வெளி அதிர்ஷ்டத்தையும் பொறுத்தது, அரசாங்கத்தையும் பொறுத்தது. உன் கையில் இல்லை. பறந்துவிட்டு வந்ததும் குறையைப் பதிவேட்டில் உள்ளபடி எழுதுவது உன் கையில் இருக்கிறது. பெரியவர் முகம் சுளித்தாலும் எழுது. எழுதிவிட்டு, டெக்னீஷியனைக் கூப்பிட்டு நேரிலும் சொல். எங்களுக்கு அது பிடிக்கும்.

இன்னொன்று, அவசரமானது. உனக்கு நீச்சல் இன்னும் அரைகுறை என்று உங்கம்மா சொன்னாள். ஏழிமலையில் முதல் வாரமே தண்ணீரில் இறக்குவார்கள். திருநெல்வேலியில் நீச்சல் குளம் இருக்கிறது, நாளைக்கே போய்ச் சேர்ந்துவிடு, பணம் நான் அனுப்புகிறேன். அடுத்த ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. அவளிடம் பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா